கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத மூளை

போன ஆவணியில் ஊருக்குப் போயிருந்தபோது, பெரியப்பா நாற்றங்கால் வரப்பில் உட்கார்ந்து போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். சம்பாவுக்குப் பாவியிருந்த சி.ஆர். ஆயிரத்து ஒன்பது ரக நெல் நாலு விரக்கடை உயரம் எழும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார்.

"ஏண்டா தம்பி, கண்ணாடித் தட்டுல மூளை வளக்குறானாமே, நெசமா? அது யோசிக்குமாடா?"

நான் மூன்று வருடம் ஒரு ஆய்வகத்தில் செல் வளர்க்கிற வேலை பார்த்தவன். அந்த மூன்று வருடமும் "என்ன வேலைடா பாக்குற" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "லேப்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அந்தக் கடனை அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து தீர்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவரிடம் சொன்னதையும், சொல்ல வாய்க்காமல் போனதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான பதில். வளர்க்கிறார்கள், அது உண்மை. ஆனால் அது மூளை இல்லை. மனித மூளையின் ஒரு பகுதி, தாயின் வயிற்றில் முதல் சில மாதங்களில் எப்படி உருவாகத் தொடங்குகிறதோ, அதைப் போல ஓரளவு நடந்துகொள்கிற, பட்டாணி அளவுகூட இல்லாத சதை உருண்டை. இதற்கு ஆர்கனாய்டு என்று பெயர். பத்திரிகைக்காரர்கள் 'மினி மூளை' என்று எழுதுகிறார்கள். இந்தத் துறையின் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து 2022இல் 'நேச்சர்' இதழில் பெயரிடும் முறை பற்றி எழுதியபோது, அந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். எனக்கும் அந்தச் சொல் பிடிக்காது. பெரியப்பா "யோசிக்குமா" என்று கேட்டதற்குக் காரணமே அந்தச் சொல்தான்.

சரி, எதிலிருந்து வளர்க்கிறார்கள்? ஸ்டெம் செல்லிலிருந்து.

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு பார்த்திருப்பீர்கள். வெண்ணாறு அதுவரை ஒரே ஆறாக வந்து, அங்கே பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. தலைப்புக்கு மேலே நிற்கிற தண்ணீரைக் காட்டி "இது எந்த ஊர் வயலுக்குப் போகும்" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, எந்த ஷட்டரைத் தூக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கரு உருவான முதல் சில நாட்களில் இருக்கிற செல்கள் அப்படிப்பட்டவை. அவை தோலும் ஆகலாம், ஈரலும் ஆகலாம், எலும்பும் ஆகலாம். அப்புறம் அங்கேயும் மூன்று பிரிவுகள்தான் வருகின்றன, நான் உவமைக்காக இழுத்துக் கட்டவில்லை, உயிரியல் பாடத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. வெளி அடுக்கிலிருந்து தோலும் நரம்பு மண்டலமும், நடு அடுக்கிலிருந்து தசை, எலும்பு, ரத்தம், உள் அடுக்கிலிருந்து குடல், ஈரல், நுரையீரல். தோலும் மூளையும் ஒரே வாய்க்கால் பாசனம் என்பது எனக்கு முதல் தடவை கேட்டபோது நம்பவே முடியாமல் இருந்தது.

மனிதக் கருவிலிருந்து இப்படிப்பட்ட செல்களை எடுத்து, தட்டில் தொடர்ந்து வளர்க்க முடியும் என்று 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் காட்டினார். கருவை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால் உடனே தகராறும் கிளம்பியது. அது பல வருடம் ஓடியது. அதைத் தீர்த்துவைத்தது வாதமோ சட்டமோ இல்லை, ஜப்பானில் நடந்த ஒரு காரியம். கியோட்டோவில் ஷின்யா யமனாக்காவும் கசுதோஷி தாகாஹாஷியும் 2006இல் எலியின் சாதாரணத் தோல் செல்லுக்குள் நான்கே நான்கு ஜீன்களைச் செலுத்தினார்கள், அந்தச் செல் தான் தோல் என்பதை மறந்து ஸ்டெம் செல் நிலைக்குத் திரும்பிவிட்டது. அடுத்த வருடமே மனிதச் செல்லிலும் செய்து காட்டினார்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கடலோடு கலக்கப் போன தண்ணீரைத் திருப்பி மேட்டூர் அணைக்கே கொண்டுவந்த மாதிரி. 2012இல் யமனாக்காவுக்கு நோபல் பரிசு. கூடவே, 1960களிலேயே தவளையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவைக் கொண்டு தலைப்பிரட்டையை உண்டாக்கி, செல்லுக்குள் பழைய நினைவெல்லாம் அழியாமல்தான் இருக்கிறது என்று காட்டிய ஜான் கர்டனுக்கும்.

ஆற்று உவமை இங்கே உடைந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடலில் கலந்த தண்ணீர் உப்பாகிவிடும், ஆனால் தோல் செல்லுக்குள் முழு ஆளுக்கான ஜீன்களும் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். அந்த நான்கு ஜீன்கள் பூட்டைத் திறந்துவிடுகின்றன.

இதனால் வந்த லாபம் பெரியது. யாருடைய ரத்தத்திலிருந்தோ தோலிலிருந்தோ ஒரு துளி எடுத்து, அதே ஆளுடைய ஜீன்களோடு ஸ்டெம் செல் உண்டாக்கலாம். ஒரு குழந்தைக்கு மூளை வளர்ச்சியில் பிறவிக் கோளாறு இருக்கிறது என்றால், அந்தக் குழந்தையின் மூளையை யாரும் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் அந்தக் குழந்தையின் செல்லிலிருந்து அதே கோளாறோடு ஒரு உருண்டையைத் தட்டில் வளர்த்துப் பார்க்கலாம்.

எலியில் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். எலியின் மூளை வழுவழுப்பானது, நம் மூளை மாதிரி மடிப்பு இல்லை. மூளையின் மேலடுக்கான மூளைப்பட்டை விரிவதற்கு நம்மிடம் ஏராளமாக இருக்கிற ஒரு வகை மூதாதைச் செல், அதாவது பிரிந்து பிரிந்து மற்றச் செல்களைப் பிறப்பிக்கிற செல், எலியிடம் மிகச் சொற்பம். அதனால் மனிதனைப் பாதிக்கிற சில கோளாறுகளை எலிக்குக் கொடுத்தால் எலி கிட்டத்தட்ட சும்மாவே இருக்கும்.

இப்போது வளர்ப்பு. இதைத்தான் நான் கையால் செய்தேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டெம் செல்கள் தட்டின் அடியில் கம்பளம் மாதிரி ஒட்டி வளரும். அவற்றைப் பிரித்து எடுத்து, 96 குழி இருக்கிற பிளாஸ்டிக் தட்டில், குழிக்குச் சுமார் 9,000 செல்கள் வீதம் விட வேண்டும். பணியாரச் சட்டியைப் பொம்மை அளவுக்குச் சுருக்கினால் அந்தத் தட்டு. குழியின் அடியில் எதுவும் ஒட்டாதபடி பூச்சு இருக்கும். ஒட்ட இடம் கிடைக்காத செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு குழியிலும் ஒரு உருண்டை. மனித ஸ்டெம் செல்லுக்குத் தனிமை ஆகாது. ஒற்றையாகப் பிரித்துவிட்டால் செத்துவிடும், சாகாமல் தடுக்க முதல் நாள் ஒரு மருந்து சேர்க்க வேண்டும். நான் ஒரு தடவை அதைச் சேர்க்க மறந்தேன். மறுநாள் 96 குழியிலும் குப்பை.

நாலைந்து நாளில் உருண்டை அரை மில்லிமீட்டர் ஆகும். அப்புறம் மீடியாவை மாற்றுகிறோம். மீடியா என்றால் செல் குடிக்கிற கஞ்சித்தண்ணீர்: சர்க்கரை, அமினோ அமிலம், வைட்டமின், உப்பு, எல்லாம் கலந்தது. வேடிக்கை என்னவென்றால், மூளையாக மாறு என்று அந்தச் செல்லுக்கு நாம் பெரிதாக எதையும் சொல்வதில்லை. மற்ற எதுவாகவும் மாறாதே என்று தடுத்தால் போதும். கருவில் "தோலாகு" என்று சொல்ல ஒரு ரசாயனச் சைகை இருக்கிறது, "தசையாகு" என்று சொல்ல வேறொன்று. எந்தச் சைகையும் காதில் விழாத செல் நரம்பாகப் போகப் பார்க்கிறது. சும்மா போட்ட வயலில் யாரும் விதைக்காமலே கோரை கிளம்புகிற மாதிரி, சும்மா விட்ட ஸ்டெம் செல் மூளைப் பக்கம் சாய்கிறது. ஜப்பானின் கோபே நகரில் யோஷிகி சசாய் குழு இதைப் பிடித்துக்கொண்டுதான் 2008இல் மூளைப்பட்டையின் அடுக்குகளைப் போன்ற திசுவை உருண்டையிலிருந்து வளர்த்துக் காட்டியது. 2011இல் அதே குழு, விழியின் ஆரம்பக் கிண்ணம் தானாகவே குழிந்து உருவாவதைக் காட்டியது. யாரும் அச்சு வைக்கவில்லை, கத்தரித்துத் தைக்கவில்லை. செல்லே குழிந்தது.

அதற்கப்புறம் வியன்னா. யுர்கன் நோப்ளிச்சின் ஆய்வகத்தில் மேட்லின் லான்காஸ்டர் செல்களைத் தட்டில் பரவலாக ஒட்டவைக்கத்தான் முயற்சி செய்துகொண்டிருந்தார். அவை ஒட்டவில்லை, உருண்டையாகத் திரண்டு மிதந்தன. வேறு ஆளாக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பார். அவர் எடுத்துப் பார்த்தார், சில உருண்டைகளின் ஓரத்தில் கண்ணுக்குரிய கருநிறப் புள்ளி இருந்தது. அந்த உருண்டைகளை மேட்ரிஜெல் என்கிற ஜெல்லித் துளிக்குள் புதைத்து, மீடியாவில் போட்டுச் சுழலவிட்டார். இரண்டு மாதத்தில் அதிகபட்சம் 4 மில்லிமீட்டர் வரை வளர்ந்தது, பல மாதங்கள் உயிரோடு இருந்தது. 2013இல் அது வெளியானது. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற வேலையின் பெரும்பகுதிக்கு அதுதான் நாற்றங்கால்.

மேட்ரிஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எலியின் ஒரு வகைக் கட்டியிலிருந்து எடுக்கிறார்கள். நெய்க்கு நேர் எதிர்க் குணம்: குளிரில் தண்ணீராக இருக்கும், சூட்டில் உறையும். அதனால் ஐஸ் கட்டி மேல் வைத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும், விரல் மரத்துப்போகும், ஒரு நிமிடம் அசந்தால், திரவத்தை உறிஞ்சி எடுக்கிற பைப்பெட்டுக்குள்ளேயே உறைந்துவிடும். விலையைக் கேட்டால் அழுகை வரும். உருண்டைகளை இடம் மாற்றும்போது பைப்பெட் முனையைக் கத்தரிக்கோலால் வெட்டி வாயை அகலமாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நசுங்கிவிடும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள மீடியாவும் லட்சக்கணக்கில் விலையுள்ள மைக்ராஸ்கோப்பும் இருக்கிற அறையில், தினமும் அதிகம் தேடப்படுகிற பொருள் ஒரு கத்தரிக்கோல்தான்.

அப்புறம் 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் உள்ள இன்குபேட்டரில், மெல்ல ஆடுகிற தட்டின் மேல் வைத்துவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறையோ மூன்று நாளுக்கு ஒருமுறையோ மீடியா மாற்ற வேண்டும். மீடியா புதிதாக இருக்கும்போது ரோஸ் நிறம். செல்கள் தின்று கழிக்கக் கழிக்கப் புளித்து மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்தால் தாமதமாக வந்திருக்கிறோம் என்று அர்த்தம். மாடு கட்டியிருக்கிறவன் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் ராத் தங்க முடியாது இல்லையா, அதே கதைதான். ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது. ஒரு மாட்டுப் பொங்கல் அன்றைக்கு, ஊரில் எல்லாரும் திடலில் இருக்க, நான் பூட்டிக் கிடந்த கட்டடத்துக்குள் காவலாளியைக் கெஞ்சி நுழைந்து 24 உருண்டைக்குக் கஞ்சி மாற்றினேன்.

வெறும் கண்ணுக்கு எப்படி இருக்கும்? ஒரு மாத உருண்டை சீரகச் சம்பா அரிசியின் நொய் மாதிரி, பால் வெள்ளை. ஓரம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், நடு கொஞ்சம் மங்கல். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஓரத்தில் வட்ட வட்டமாகக் கோலம் போட்ட மாதிரி அமைப்புகள் தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு குழி, அதைச் சுற்றி மூதாதைச் செல்கள் சூரியக் கதிர் போல நிற்கின்றன, அவற்றுக்கு வெளியே புதிதாகப் பிறந்த நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். கருவில் மூளைப்பட்டை இப்படித்தான், உள்ளேயிருந்து வெளியே கட்டப்படுகிறது. அதை முதல் தடவை பார்த்த அன்றைக்கு நான் சாப்பிடப் போகவில்லை.

இதை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள் என்பதற்கு வருகிறேன். லான்காஸ்டர் 2013இல் எடுத்துக்கொண்டது மைக்ரோசெஃபலி, அதாவது தலையும் மூளையும் மிகச் சிறியதாகப் பிறக்கிற நிலை. ஒரு நோயாளியின் தோல் செல்லிலிருந்து உருண்டை வளர்த்தார்கள். அந்த ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட ஜீனில் பிழை. அதே ஜீனைக் கெடுத்த எலிகளில் நோய் அவ்வளவு கடுமையாக வரவில்லை. ஆனால் இந்த உருண்டைகள் சிறுத்துப்போய் இருந்தன. ஏன் என்று அறுத்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது: மூதாதைச் செல்கள் போதுமான அளவு பெருகுவதற்கு முன்பே நியூரான்களாக மாறிவிட்டிருந்தன.

இதைப் பெரியப்பாவிடம் சொல்லத் தொடங்கியபோது நான் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. "விதை நெல்லை அவிச்சுத் தின்னுட்டான்" என்றார். அவ்வளவேதான் விஷயம். மூதாதைச் செல்தான் விதை நெல். முதலில் அது தன்னைத்தானே இரட்டித்துப் பெருகிக் கையிருப்பைக் கூட்ட வேண்டும், அப்புறம்தான் நியூரானாக மாறலாம். நியூரான் மறுபடி பிரியாது, தின்ற நெல் முளைக்காது. அவசரப்பட்டு முன்கூட்டியே மாறிவிட்டால் அன்றைக்கு நியூரான் நிறைய இருக்கிற மாதிரி தோன்றும், அடுத்த பட்டத்துக்கு விதை இருக்காது. மொத்த மூளையும் சிறுத்துவிடும்.

இரண்டு வருடம் கழித்து இது கைமேல் பலன் கொடுத்தது. 2015-16இல் பிரேசிலில் ஜிகா வைரஸ் பரவியபோது, சிறிய தலையோடு குழந்தைகள் பிறப்பது கூடியது. கொசு பரப்புகிற அந்தக் காய்ச்சல்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று குழப்பம். கர்ப்பிணிகளிடம் சோதனை செய்ய முடியாது. ஆர்கனாய்டுகளில் வைரஸை விட்டுப் பார்த்தார்கள். 2016இல் சில மாத இடைவெளியில் பல குழுக்களிடமிருந்து ஒரே மாதிரி விடை வந்தது: வைரஸ் குறிபார்த்துத் தாக்குவது மூதாதைச் செல்களை, உருண்டைகள் சிறுத்துப்போகின்றன. முந்தைய நோயில் விதை நெல்லை முன்கூட்டியே தின்றுவிட்டார்கள் என்றால், இங்கே விதைக் கோட்டைக்குள் எலி புகுந்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம்: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு பயன்படுத்திய, உருண்டைகளைச் சுழலவிடும் சின்ன இயந்திரத்தை வடிவமைத்ததில் கோடை விடுமுறைக்கு வந்திருந்த மூன்று பள்ளி மாணவர்களுக்குப் பங்கு உண்டு. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பாகங்களை அச்சடித்துச் செய்தார்கள். மீடியா செலவும் குறைந்தது.

இனி குறைகள். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்த வீடியோக்காரரும் ஒன்றுதான்.

உருண்டையின் நடு மங்கலாக இருக்கும் என்றேன் இல்லையா, அது அழகுக்காக இல்லை. அங்கே செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. நம் உடம்பில் பெரும்பாலான செல்களுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரத்துக்குள் ஏதாவது ஒரு நுண் ரத்தக்குழாய் இருக்கும். கல்லணையில் பிரிகிற ஆறு வாய்க்காலாகி, கிளை வாய்க்காலாகி, கன்னி வாய்க்காலாகி ஒவ்வொரு வயலின் மடைக்கும் போகிற மாதிரி. ஆர்கனாய்டில் வாய்க்காலே கிடையாது. சுற்றி நிற்கிற மீடியாவிலிருந்து ஆக்சிஜன் கசிந்து கசிந்து உள்ளே போக வேண்டும், வழியில் இருக்கிற செல்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சம் இருந்தால்தான் உள்ளே இருப்பவனுக்கு. மேட்டூரைத் திறந்து மாதக்கணக்காகியும் திருத்துறைப்பூண்டிக்குக் கீழே தண்ணீர் எட்டிப் பார்க்காத வருடங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆர்கனாய்டுக்குக் கடைமடை அதன் நடுவயிறு. 4 மில்லிமீட்டரோடு வளர்ச்சி நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான், விஞ்ஞானிகளுக்கு ஆசை இல்லாததால் இல்லை.

இதற்கு மூன்று வழி பார்த்திருக்கிறார்கள். ஒன்று, உருண்டையை மெல்லிய வில்லைகளாக அறுத்து, அடியில் மீடியாவும் மேலே காற்றும் படும்படி வைப்பது. கேம்பிரிட்ஜுக்குப் போன லான்காஸ்டரின் குழு 2019இல் இப்படி வைத்த வில்லைகளிலிருந்து நரம்பு இழைகள் நீளமாகக் கிளம்பின. பக்கத்தில் எலியின் தண்டுவடத்தைத் தசையோடு வைத்தபோது இழைகள் அதோடு இணைந்து, அந்தத் தசை துடித்தது. இரண்டாவது, ரத்தக்குழாய்ச் செல்களையும் சேர்த்தே வளர்ப்பது. குழாய் மாதிரி அமைப்பு வருகிறது, அதில் ரத்தம் ஓடச் செய்வதுதான் கஷ்டம். மூன்றாவது, உயிருள்ள எலியின் மூளைக்குள் உருண்டையை வைத்துவிடுவது. எலியின் ரத்தக்குழாய்கள் தாமாகவே உள்ளே ஊடுருவிவிடுகின்றன. அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் 2018இல் இதைக் காட்டினார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் செர்ஜியு பாஷ்காவின் குழு 2022இல் பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளில் இதைச் செய்தது. மனிதத் திசு எலியின் ஒரு பக்க மூளையில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. எலியின் மீசையை அசைத்தால் அந்த மனித நியூரான்கள் சிலவற்றில் மின்துடிப்பு வந்தது. இதைப் படித்தபோது எனக்கு வியப்பும் வந்தது, வயிற்றில் ஏதோ செய்யவும் செய்தது. இரண்டும் இன்றைக்கும் போகவில்லை.

பாஷ்காவின் இன்னொரு யோசனையை நம் ஊர்க்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மூளைப்பட்டையில் வேலை செய்கிற ஒரு வகை நியூரான்கள், மற்ற நியூரான்களின் துடிப்பை அடக்கிவைக்கிற வேலைக்காரர்கள், அங்கே பிறப்பதே இல்லை. கருமூளையின் அடிப்பகுதியில் பிறந்து, நகர்ந்து நகர்ந்து மேலே வந்து குடியேறுகின்றன. நாற்று பாவுவது ஓரிடம், நடுவது வேறிடம். எனவே அடிப்பகுதி மாதிரி ஒரு உருண்டை, பட்டை மாதிரி ஒரு உருண்டை, இரண்டையும் தனித்தனியாக வளர்த்து ஒட்டவைத்தார்கள். ஒன்றிலிருந்து செல்கள் மற்றதற்குள் நடந்துபோவதைக் காண முடிந்தது. டிமோத்தி சிண்ட்ரோம் என்கிற அரிய பிறவி நோய் உள்ளவர்களின் செல்கள் இந்த நடையைத் தப்பாக நடந்தன, போய்ச்சேர வேண்டிய தூரம் போகவில்லை. கால்சியம் உள்ளே வரும் கதவுக்கான ஜீன் ஒன்றில் பிழை. 2024இல் அந்தப் பிழையைச் சுற்றிப்போகிற ஒரு மருந்து மூலக்கூறை, எலிக்குள் வளர்ந்த மனித உருண்டைகளில் சோதித்துக் கோளாறு சரியாவதைக் காட்டினார்கள். நோயாளிக்கு இன்னும் பல படி தாண்ட வேண்டும். ஆனால் நோயை எலிக்குக் கொடுத்துப் பார்க்காமல், மனிதச் செல்லை வைத்தே தட்டில் தொடங்கி மருந்துவரை வந்தது என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

இன்னொரு குறை, ஒரே தட்டில் வளர்ந்த 20 உருண்டையும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் பட்டை, இன்னொன்றில் கண் துண்டு, வேறொன்றில் என்னவென்றே தெரியாத நீர்க்கட்டி. இப்போது செல்களை ஒரு குறிப்பிட்ட பகுதியாகவே வளரவைக்கிற முறைகள் வந்து நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் "நாங்கள் 3 உருண்டையில் பார்த்தோம்" என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

சரி, யோசிக்குமா?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். ஆர்கனாய்டில் எல்லா வகைச் செல்லும் சேர்த்தாலும் சில பத்து லட்சம் இருந்தால் அதிகம். எண்ணிக்கை மட்டும் இல்லை. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, உடம்பு இல்லை, அதற்கு யாரும் எதையும் சொல்லவும் இல்லை, அதனிடமிருந்து பதில் வாங்கிக்கொள்ள ஒரு விரலும் இல்லை. நியூரான்கள் ஒன்றோடொன்று மின்துடிப்பில் பேசிக்கொள்கின்றன, அது உண்மை. 2019இல் சான் டியேகோவில் அலிசன் முவோத்ரி குழு, பல மாதம் வளர்ந்த உருண்டைகளில் வந்த மின் அலைகள் குறைமாதக் குழந்தைகளின் ஈ.ஈ.ஜி.யோடு, அதாவது தலையில் மின்முனை வைத்து எடுக்கிற மூளை அலைப் பதிவோடு, சில அம்சங்களில் ஒத்திருப்பதாகச் சொன்னது. அன்றைக்கு ஒரே பரபரப்பு. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற இரைச்சலை வைத்துக்கொண்டு அங்கே நடப்பது திருவிழா என்று எப்படிச் சொல்வீர்கள்? அலை ஒத்திருப்பது வேறு, அந்த அலைக்குள் ஒரு ஆள் இருப்பது வேறு. 2022இல் மெல்போர்னில் நியூரான்கள் வீடியோ கேம் ஆடின என்று செய்தி வந்ததே, அது ஆர்கனாய்டே இல்லை. மின்முனைகள் பதித்த எலக்ட்ரானிக் சில்லின் மேல் பரப்பி வளர்த்த செல்கள். பந்து எங்கே என்று மின்துடிப்பால் தெரிவித்து, ஆட்டம் தவறினால் தாறுமாறான துடிப்பும், சரியாக ஆடினால் ஒழுங்கான துடிப்பும் கொடுத்துப் பார்த்தார்கள்.

சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இப்போதைய ஆர்கனாய்டுகளுக்கு உணர்வோ வலியோ இருப்பதற்கு உயிரியல் சான்று எதுவும் இல்லை என்கின்றன. 'இப்போதைய' என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். வாய்க்கால் வெட்டி முடித்து, உருண்டை பெரிதாகி, கண்ணும் தண்டுவடமும் இணைந்து வருகிற நாளில் இதே பதில் போதாது. அதுவரை என்னை உறுத்துகிற கேள்வி வேறு: ரத்தம் கொடுத்தவரிடம், உங்கள் செல்லிலிருந்து மூளைத் திசு வளர்ப்போம், அதை எலிக்குள் வைக்கவும் கூடும் என்று புரிகிற மொழியில் சொன்னோமா? கையெழுத்து வாங்குகிற படிவங்களில் எத்தனை தமிழில் இருக்கின்றன?

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும், என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் என்கிற இரண்டு உயிரியல் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து, ஒரே குடும்பத்தில் பலருக்குத் தீவிர மனநோய் இருக்கிற குடும்பங்களிடமிருந்து ரத்தம் வாங்கி ஸ்டெம் செல் உண்டாக்கி ஆராய்கிறார்கள். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் 'தரணி' என்ற பெயரில் கருக்குழந்தை மூளையின் முப்பரிமாணப் படத்தொகுப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அது ஆர்கனாய்டு இல்லை, உண்மையான கருமூளை. ஆனால் தட்டில் வளர்ந்தது எந்த அளவுக்கு உண்மையானது மாதிரி இருக்கிறது என்று ஒப்பிட அப்படி ஒன்று வேண்டும்.

பெரியப்பா வீடியோவைக் காட்டியதற்கு உண்மையான காரணம் கடைசியில்தான் வெளியே வந்தது. தெருவில் ஒரு வீட்டுப் பேரனுக்கு ஆட்டிசம். யாரோ ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் நிலத்தை ஒத்திக்கு வைப்பதாகப் பேச்சு. "லேபுல மூளையே வளக்குறான்னா, ஊசி போட்டுச் சரி பண்ண முடியாதா?" என்று கேட்டார்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை பெரியப்பா என்றேன். ஆர்கனாய்டு நோயைப் பார்ப்பதற்கு, போடுவதற்கு இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறியில், எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ரத்த நோய்ச் சிகிச்சைகளைத் தவிர வேறு எந்த ஸ்டெம் செல் சிகிச்சையையும் அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள் என்றேன். சாயங்காலமே அந்த வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

போகிற வழியில் கேட்டார், "நீ வளத்தியே, அதெல்லாம் கடசீல என்ன ஆவும்?"

ஃபார்மலின் மாதிரி ஒரு திரவத்தில் போட்டு நிலைநிறுத்தி, சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்து, உறையவைத்து, ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்த கனத்துக்கு வில்லை வில்லையாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்போம் என்றேன். ஒரு உருண்டைக்கு நாலைந்து மாதம் கஞ்சி ஊற்றியிருப்போம், சீவுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

"அப்ப அதுக்கும் அறுப்பு உண்டு" என்றார்.